முடிச்சூரில் தண்ணீர், ஃபதோர்டாவில் கோப்பை

சென்னையின் எஃப்.சி. முதன்முதலாக இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற 2015ஆம் ஆண்டின் ஆட்டப் பட்டியலில், வெளியூர்க்காரர்கள் அச்சுப்பிழை என்று நினைக்கக்கூடிய ஒரு வரி இருக்கிறது. டிசம்பர் 12, அரையிறுதியின் முதல் ஆட்டம், சென்னை அணிக்குச் சொந்த ஊர் ஆட்டம். நடந்த இடம் புனே நகரத்தின் பாலேவாடி மைதானம். தாம்பரத்துக்கு மேற்கே குடியிருக்கிற எங்களுக்கு அதில் விளங்காதது ஒன்றும் இல்லை. அந்தச் சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மெத்தையும் பீரோவும் பிள்ளைகளின் பாடப்புத்தகமும் சேற்றோடு குவிந்து கிடந்தன. குப்பை வண்டி அதுவரை வரவில்லை. ஊரே மூழ்கி எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஊர்ப் பெயரைத் தாங்கிய அணி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்ச் சொந்த ஆட்டத்தை ஆடியது.

பத்து வருடங்கள் கழிந்த பிறகும் வெள்ளத்தைப் பற்றி எங்கள் பகுதியில் எல்லாரும் பேசுகிறார்கள். சுவரில் எந்த அளவுக்குத் தண்ணீர் நின்றது என்று வாடகைக்கு வருகிறவர்களிடம் காட்டுகிறார்கள். கால்பந்துப் பிரியர்கள் கோப்பையைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கதை. பிரித்துச் சொன்னால் இரண்டுமே பாதிதான்.

அந்த வருடம் அக்டோபர் 3ஆம் தேதி லீக் சென்னையில்தான் தொடங்கியது. என் மகன் அப்போது எட்டாம் வகுப்பு. தாம்பரத்திலிருந்து பீச் வண்டி ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதையைக் கடந்து, ரிப்பன் மாளிகையை ஒட்டி நடந்தால் நேரு ஸ்டேடியம். ஏழு மணி ஆட்டத்துக்கு நாலரைக்கே கிளம்பிவிடுவோம். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நீலச் சட்டை போட்ட பையன்கள் ஏறுவார்கள். மாம்பலம் வருவதற்குள் பெட்டியில் பாதி நீலமாகிவிடும். வடசென்னையில் வியாசர்பாடிக்குக் கால்பந்து பிறவிச் சொத்து. எங்கள் பக்கம் அப்படி இல்லை. தென்புறநகர் கிரிக்கெட் ஊர். ஏரிக்கரையிலும் காலி மனையிலும் ஸ்டம்பு நட்டு வளர்ந்த பையன்கள், சூப்பர் லீக் வந்த பிறகுதான் பந்தை உதைக்கவே தொடங்கினார்கள். அந்தப் புதுச் சூடு ரயிலிலேயே தெரியும்.

முதல் ஆட்டத்தில் கொல்கத்தா நம்மை 3–2 என்று வென்றது. அவர்களுக்காக ஆடிய போர்ச்சுகல்காரர் ஹெல்டர் போஸ்டிகா இரண்டு கோல் போட்டார். திரும்பி வரும்போது மகன் சைதாப்பேட்டை வரைக்கும் வாய் திறக்கவில்லை. எட்டு நாள் கழித்து அதே அணி கோவாவுக்குப் போய் 4–0 என்று அடித்துவிட்டு வந்தது. ஸ்டீவன் மெண்டோசா என்ற கொலம்பியா நாட்டு இளைஞர் அதில் மூன்று கோல் போட்டார். ஒரு வாரம் சிங்கம், மறு வாரம் ஆளைக் காணோம் என்று அந்த அணி எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது.

பயிற்சியாளர் மார்க்கோ மாடெராஸ்ஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானிடம் மார்பில் தலையால் முட்டு வாங்கிய இத்தாலிக்காரர் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆட்டத்தில் இத்தாலிக்காகக் கோல் போட்டவரும் அவர்தான், அதை யாரும் சொல்வதில்லை. உயரமான மனிதர். கோட்டுக்கு வெளியே நின்றபடி, தானும் உள்ளே இறங்கி ஆடுவதுபோலவே கையை வீசிக் கத்திக்கொண்டிருப்பார். அவரிடம் எனக்குப் பிடித்தது, தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு வீரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தித் தோளில் கைபோட்டுப் பேசுவது. கேலரியிலிருந்து பார்க்கும்போது என்ன பேசுகிறார் என்று கேட்காது. பேசுகிறார் என்பது தெரியும்.

நவம்பர் நடுவில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. எட்டு அணிகள் கொண்ட பட்டியலில் சென்னை கடைசி இடத்துக்குப் போனது. எங்கள் முடிச்சூர் அந்த மழைக்காலத்தில் முதல் முறையாக மூழ்கியது. பலரும் மறந்துபோன விஷயம் இது. டிசம்பர் வெள்ளத்துக்கு இரண்டு வாரம் முன்பே எங்கள் பகுதியில் படகு வந்துவிட்டது. ஹெலிகாப்டரும் வந்தது. அடையாறு பிறந்து நடை பழகுகிற இடம் எங்கள் பக்கம். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளில் நிரம்பி வழிகிற தண்ணீரெல்லாம் வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகத்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். போகிற வழியில் நாங்கள் வீடு கட்டியிருக்கிறோம். மனைப் பிரிவு போட்டவர்கள் விற்றார்கள், அனுமதி தர வேண்டியவர்கள் தந்தார்கள், நாங்கள் கடன் வாங்கி வாங்கினோம். தண்ணீர் தன் பழைய பாதையில் வந்தது.

அந்த முதல் வெள்ளம் வடிந்த கையோடு, நவம்பர் 21, கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டம். வீடு முழுக்க ஈரம். போகலாமா என்று நான் கேட்கவில்லை, மகனும் கேட்கவில்லை. என் மனைவிதான் சொன்னாள்: "ரெண்டு பேரும் மூஞ்ச தொங்கப் போட்டுக்கிட்டு இங்க உக்காந்திருக்கறதுக்குப் போயிட்டு வாங்க." போனோம். கடைசி இடத்திலிருந்த அணி அன்று 4–1 என்று வென்றது. மெண்டோசா மறுபடியும் மூன்று கோல். அடுத்த ஆட்டம் டெல்லிக்கு எதிராக 4–0. அதன் பிறகு புனேயில் ஒரு வெற்றி. எங்கிருந்து வந்தது அந்தத் தெம்பு என்று விளையாட்டுப் பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எனக்குத் தோன்றியது எளிமையானது. இழக்க ஒன்றும் இல்லாத இடத்துக்கு வந்த பிறகு அவர்கள் பயப்படுவதை விட்டுவிட்டார்கள்.

பிறகு டிசம்பர் பிறந்தது.

2ஆம் தேதி காலை எட்டரை வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. ஒரு வருடத்தின் மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதைப் பற்றி நகரம் முழுக்க விவாதம் நடந்தது; அந்த விவாதம் நியாயமானது. ஆனால் எங்களை மூழ்கடித்தது அந்த ஏரி இல்லை. அது கீழே அனகாபுத்தூர், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டைக்குப் போகிற தண்ணீர். மேலே இருக்கிற எங்களுக்கு எங்கள் ஏரிகளே போதும். ராயப்பா நகர், பி.டி.சி. குவார்ட்டர்ஸ், மகாலட்சுமி நகர், அமுதம் நகர் என்று தொலைக்காட்சியில் பெயர் பெயராகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அதைப் பார்க்க மின்சாரம் இல்லை.

இரவு தண்ணீர் சம்ப்பைத் தாண்டி, வாசல் படியைத் தாண்டி, ஹாலுக்குள் வந்தது. மேல் போர்ஷனில் இருந்த, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் டார்ச்சோடு படியில் நின்று, "சாமானத்த விடுங்க தம்பி, மொதல்ல அம்மாவையும் புள்ளையையும் மேல ஏத்துங்க" என்று சத்தம் போட்டார். அந்தக் குடும்பத்தோடு நாங்களும் பக்கத்து வீட்டாரும் ஒரே சமையலறையில் சில நாட்கள் இருந்தோம். காசிமேட்டு மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு தாம்பரத்துக்கு வந்ததை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கடலோர ஊர்க்காரர்கள் கடலே இல்லாத ஊருக்குப் படகோடு வந்து, எங்கள் தெருப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு ஆட்களை ஏற்றினார்கள். விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமானங்கள் பல நாட்கள் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பறந்தன. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாமல், 1878இல் தொடங்கிய ‘இந்து’ ஆங்கில நாளிதழ் 2ஆம் தேதி வெளிவரவில்லை.

எங்கள் ஹாலில் தண்ணீர் ஏறிய அதே நாட்களில் சென்னை அணி மும்பையில் கடைசி லீக் ஆட்டத்தை 3–0 என்று வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. தொடர்ந்து நான்காவது வெற்றி. 22 புள்ளிகளோடு மூன்றாம் இடம். எங்கள் மொட்டை மாடியில் அது யாருக்கும் தெரியாது. கைபேசியில் இருந்த கொஞ்சம் சார்ஜும் சொந்தக்காரர்களுக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்வதற்கே சரியாக இருந்தது. தண்ணீர் இறங்கி, தாம்பரம் மார்க்கெட் பக்கம் பால் பாக்கெட் தேடிப் போனபோது, பெட்டிக் கடையில் தொங்கிய தமிழ் நாளிதழின் கடைசிப் பக்கத்தில் மகன் அதைப் பார்த்தான். அந்தச் செய்தியை அவன் நின்றபடி இரண்டு முறை படித்தான். முதல் பக்கம் முழுவதும் வெள்ளம். அவனுக்கு அந்த வாரத்தில் வந்த முதல் நல்ல செய்தி அது.

வரவேண்டிய அரையிறுதி வரவில்லை. நகரத்துப் போலீஸ், மாநகராட்சி, தீயணைப்புத் துறை எல்லாம் நிவாரணத்தில் இருந்தபோது நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் நடத்துவது நியாயமாகவும் இருந்திருக்காது. புனேக்கு மாற்றினார்கள். சரியான முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பாலேவாடியில் புரூனோ பெலிஸ்ஸாரி, ஜெஜெ லால்பெக்லுவா, மெண்டோசா ஆளுக்கொரு கோல் போட்டு 3–0. நான்கு நாள் கழித்து சால்ட் லேக்கில் கொல்கத்தா 2–1 என்று வென்றும் மொத்தக் கணக்கில் நாம் 4–2. முந்தைய வருடம் கொல்கத்தாவுக்காக ஆடிய ஃபிக்ரு, இந்த முறை நமக்காக அங்கே அந்த ஒரு கோலைப் போட்டார்.

இறுதி ஆட்டம் டிசம்பர் 20, கோவாவின் ஃபதோர்டா. எதிரில் எஃப்.சி. கோவா, அவர்களுடைய சொந்த ஊர், அவர்களுடைய ஜனம். எங்களுக்கு அதற்குள் மின்சாரம் வந்திருந்தது. கீழ் வீடுகளில் டி.வி. எல்லாம் போய்விட்டதால், மேல் போர்ஷன் பெரியவரின் வீட்டில் தெருவே கூடியது. அன்று பகல் முழுக்க நாங்கள் சுவரைக் கழுவியிருந்தோம். எல்லார் கையிலும் ப்ளீச்சிங் பவுடர் வாசனை. ஞாயிற்றுக்கிழமை. அந்த வீட்டு அம்மா எல்லாருக்கும் சுண்டல் செய்திருந்தார்கள். நிவாரணமாக வந்த கடலை அது.

முதல் பாதியில் கோல் இல்லை. 54ஆவது நிமிடம் நமக்குப் பெனால்டி. பெலிஸ்ஸாரி அடித்தார், கோவாவின் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி தடுத்தார், திரும்பி வந்த பந்தைப் பெலிஸ்ஸாரியே உள்ளே தள்ளினார். கத்தி முடிப்பதற்குள், நான்கே நிமிடத்தில், ஹாவோகிப் கோவாவுக்குச் சமன் செய்தார். மறுபடியும் நமக்கு ஒரு பெனால்டி. இந்த முறை மெண்டோசா. கட்டிமணி அதையும் பிடித்தார். ஒரே இறுதி ஆட்டத்தில் இரண்டு பெனால்டியைத் தடுத்த ஒரு கோல்கீப்பரை எதிரில் வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது? 87ஆவது நிமிடம், கோவாவுக்கு ஃப்ரீ கிக், ஜோஃப்ரே அடித்தார், கோல். 2–1. ஃபதோர்டா குலுங்கியது. எங்கள் கூடத்தில் இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். பெரியவர் மட்டும் அசையாமல், "ஒக்காருங்க, வண்டி இன்னும் ஸ்டேஷன விட்டுப் போகல" என்றார்.

90ஆவது நிமிடம். பந்து கோவாவின் கோல் முகத்தில் உயரே எழுந்தது. மெண்டோசா மோதிக்கொண்டு போக, அதை வெளியே தட்டப் பார்த்த கட்டிமணியின் கையிலிருந்தே பந்து அவர்கள் வலைக்குள் விழுந்தது. சேம் சைடு கோல். அவர் முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று மூச்சு விட்டபோது, இரண்டே நிமிடத்தில் மெண்டோசா மறுபடியும் உள்ளே ஓடி, இந்தத் தடவை சந்தேகமில்லாமல் அடித்தார். 3–2. அந்தப் பருவத்தில் அவருடைய பதின்மூன்றாவது கோல். அதிகக் கோல் போட்டவருக்கான தங்கக் காலணியும் அவருக்கே. கோப்பையைச் சென்னை மக்களுக்கு அர்ப்பணிப்பதாக அணியினர் சொன்னார்கள். அந்தக் கூடத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு அதுவரை ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது. அழுதவர்களில் அவர்களும் உண்டு. அது ஆட்டத்துக்கான அழுகை மட்டும் இல்லை. டிசம்பர் முதல் தேதியிலிருந்து யாரும் உட்கார்ந்து அழவில்லை, நேரம் இருக்கவில்லை.

பட்டாசு வெடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. மறுநாள் காலையில் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தார்கள். தண்ணீர் புகுந்த வீடுகளுக்கு அரசு அறிவித்த 5,000 ரூபாய்க்காக வங்கிப் புத்தக நகலோடு வரிசையில் நின்றோம். வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பி, "நேத்து மேட்ச் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டார். அந்த வரிசை முழுக்க அதே பேச்சு. எங்களுக்கு நடந்த வெற்றி ஊர்வலம் அதுதான்.

இப்போது அதே இடத்தில் நின்று பார்க்கிறேன். 2021 நவம்பரில் தாம்பரம் தனி மாநகராட்சி ஆனது. நகராட்சியும் பேரூராட்சியுமாகத் துண்டு துண்டாக இருந்த ஊர்களில் பலவற்றுக்கு ஒரே மேயர். கிளாம்பாக்கத்தில் பெரிய பேருந்து நிலையத்தை 2023 டிசம்பர் 30இல் திறந்தார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மழைநீரை அடையாற்றுக்குக் கொண்டுபோக மூடு கால்வாய்கள் கட்டியிருக்கிறார்கள், ஆற்றை அகலப்படுத்தியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் 2015இல் பட்டது போலப் படவில்லை. நவம்பர் பிறந்தால் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் விடுகிற பழக்கம் வந்திருக்கிறது. கீழ்த்தளத்தை வண்டி நிறுத்த விட்டுவிட்டு மேலே வீடு கட்டுகிறார்கள்.

விளையாட இடமும் வந்துவிட்டது. அன்று பையன்கள் ஏரி காய்ந்தால் ஏரியில் ஆடினார்கள், இல்லாவிட்டால் காலி மனையில். இன்று சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் எங்கும் வலை கட்டிய டர்ஃப். பச்சைச் செயற்கைப் புல், பகல்போல விளக்கு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. என் மகன் சிறுசேரியில் வேலை முடித்து வந்து, சிநேகிதர்களோடு பங்கு போட்டு இரவு பத்து மணிக்கு ஆடுகிறான். வெயிலும் மழையும் இல்லாமல் முழங்கால் சிராய்க்காமல் ஆட முடிகிறது என்பதில் எனக்குச் சந்தோஷம். காசு கொடுக்க முடியாத பிள்ளைகள் வலைக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள் என்பதில் வருத்தம். அவர்களுக்கு இருந்த காலி மனைகள்தான் டர்ஃப் ஆகியிருக்கின்றன. தாம்பரம் மாநகராட்சி தன் பூங்காக்களுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை இலவசக் கால்பந்துத் திடலுக்கு ஒதுக்க வேண்டும் என்று வார்டுக் கூட்டத்தில் நான் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன்.

ஆட இடம் வந்தது. அணி எங்கே போனது?

நல்ல வருடங்கள் அதன் பிறகும் இருந்தன. 2018 மார்ச் 17இல் பெங்களூருவை அவர்கள் மண்ணிலேயே 3–2 என்று வென்று இரண்டாவது கோப்பை. சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்ட பிறகு மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியே இரண்டு கோல் போட்டார். அன்று நடுக்களத்தில் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் நின்றார். நம் ஊர்த் தெருவிலிருந்து கிளம்பிய ஒருவர் நம் அணிக்கு இறுதியில் ஆடுவதைப் பார்ப்பது தனிச் சுகம். 2020 மார்ச் 14இல் மூன்றாவது இறுதி, மறுபடியும் ஃபதோர்டா. கொரோனா காரணமாகக் காலி மைதானத்தில் ஆடி, கொல்கத்தாவிடம் 3–1 என்று தோற்றோம். 2015இல் அணி மட்டும் ஊருக்கு வெளியே போனது. 2020இல் பார்வையாளரே இல்லாமல் போனார்கள்.

2025 இன்னும் மோசம். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் 2010இல் போட்ட பதினைந்து வருட ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவுக்கு வந்தது. புதுப்பிப்பதா, யார் நடத்துவது, யார் பணம் போடுவது என்று முடிவாகாமல் பருவமே தொடங்கவில்லை. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. வெள்ளம் அன்று நேரு ஸ்டேடியத்திலிருந்து ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டு போனது. வானம் தெளிந்து, ரயில் ஓடி, மைதானம் காய்ந்து கிடந்த ஒரு வருடத்தில் ஒரு காகிதம் பல மாதங்களையே எடுத்துக்கொண்டது. 2026 ஜனவரியில்தான், பிப்ரவரி 14 முதல் 14 அணிகளோடு, 91 ஆட்டங்களாகச் சுருக்கி நடத்துவதாக மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் அறிவித்தார். வீரர்களும் மசாஜ் செய்கிறவர்களும் புல் வெட்டுகிறவர்களும் அந்த மாதங்களில் என்ன செய்தார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உலகத்தில் மற்ற ஊர்கள் இப்படிப்பட்ட நினைவை எப்படி வைத்துக்கொள்கின்றன என்று தேடிப் படித்தேன். கனடாவின் கால்கரியில் 2013 ஜூனில் ஆற்று வெள்ளம் சேடில்டோம் ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குள் புகுந்தது. கோடைக்குள் சீர்செய்து, அந்தப் பருவத்திலேயே ஃபிளேம்ஸ் அணியைச் சொந்த அரங்கில் ஆட வைத்தார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் இன்னும் ஒரு படி மேல். 2005இல் கேட்ரினா புயல் அந்த நகரத்தை அழித்தபோது செயின்ட்ஸ் என்ற அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து அணி ஒரு பருவம் முழுக்க ஊர் ஊராக அலைந்தது. 2006 செப்டம்பரில் சொந்த அரங்கத்துக்குத் திரும்பிய முதல் ஆட்டத்தில் ஸ்டீவ் கிளீசன் என்ற வீரர் பந்தைத் தடுத்த அந்த ஒரு நொடியை வெண்கலச் சிலையாக வடித்து அரங்க வாசலில் வைத்திருக்கிறார்கள். கோப்பை அவர்களுக்கு 2010இல்தான் வந்தது. நம் அணி வெள்ளம் வடிந்த அதே மாதத்தில் கோப்பையைக் கொண்டுவந்தது. சிலை வேண்டாம். தாம்பரம் ஸ்டேஷன் சுவரில் ஓர் ஓவியமாவது இருக்கலாம். படகில் ஏறுகிற குடும்பமும் நீலச் சட்டையும் ஒரே படத்தில்.

2015இல் நம் அணியில் இருந்தவர்கள் இப்போது எங்கெங்கோ. மாடெராஸ்ஸி 2017இல் விடைபெற்றார். புனேயில் கோல் போட்ட ஜெஜெ, விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்று, 2023 தேர்தலில் மிசோரம் சட்டப்பேரவைக்கு உறுப்பினராகத் தேர்வானார்.

2025 டிசம்பர் 20, பத்து வருடம் நிறைவு. லீக் இல்லாத டிசம்பர். மகனும் அவன் சிநேகிதர்களும் தாங்கள் ஆடுகிற டர்ஃபில் பேசி, தங்கள் நேரத்தை ஆட்டத்துக்குப் பதிலாக வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். வலையில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகை புரொஜெக்டரில் ஃபதோர்டா ஆட்டத்தின் பதிவைப் போட்டோம். வெளியே நின்று பார்க்கிற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டோம். பெரும்பாலும் மெஸ்ஸி, ரொனால்டோ சட்டைகள். யாருக்கும் முடிவு தெரியாது. வெள்ளத்தைப் பற்றி மகன் முதலில் கொஞ்சம் சொன்னான். இதோ இந்த டர்ஃப் இருக்கிற இடத்தில் ஆள் கழுத்து உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்றபோது ஒருவனும் நம்பவில்லை. ஜோஃப்ரே கோல் போட்டதும் ஓர் "ச்சே". 90ஆவது நிமிடம் வந்தபோது போட்ட கூச்சலில் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு சண்டை. அந்தக் கோல் மெண்டோசா கணக்கா, சேம் சைடு கணக்கா என்று பையன்கள் இரண்டு கட்சி. கீப்பரைக் கிண்டல் செய்து ஒருவன் நடித்துக் காட்டினான். அங்கே இருந்த ஒரே பெண் பிள்ளை, பன்னிரண்டு வயது இருக்கும், பள்ளி அணியில் கோல்கீப்பர், எழுந்து நின்றுவிட்டாள். "ரெண்டு பெனால்டி புடிச்சாருல்ல? அத எவனும் பேச மாட்டேங்கறீங்க. நீ போய் நில்லு பாக்கலாம்!"

நான் அவளிடம் சொன்னேன். அதே கட்டிமணி, அதே ஃபதோர்டாவில், 2022 மார்ச் 20இல் மறுபடியும் ஓர் இறுதி ஆட்டத்துக்கு நின்றார். ஹைதராபாத் அணி, எதிரில் கேரளா. சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. மூன்று பெனால்டியைத் தடுத்து அவர் அணிக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

அவள் பையன்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அத போடுங்க அங்கிள், இவனுங்க பாக்கட்டும்" என்றாள். மகன் அந்தப் பதிவைத் தேடத் தொடங்கினான். அடுத்த ஸ்லாட்டுக்குக் காசு கட்டிய அணி வாசலில் வந்து நின்றது, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெனால்டி மட்டும் பாத்துட்டுத் தரீங்களா? நாங்களும் பாக்கறோம்" என்று உள்ளே வந்து புல்லில் உட்கார்ந்துகொண்டார்கள்.